முதல் ஆளாக ஏறியவன்

"சேர், இண்டைக்கு முதல் ஆளா நான் ஏறுறன்!"

கையை உயர்த்தியவனைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஜெனிஸ்ரனா? பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து கடைசியாகவே ஏறுகிறவன், ஒவ்வொரு படிக்கும் மாதாவைக் கூப்பிடுகிறவன், அவனா?

"மச்சான், இண்டைக்கு மழை கொட்டத்தான் போகுது!" என்று கிண்டலடித்தான் சுபாஸ். மண்டபம் அகதி முகாமிலும் இருவரும் பக்கத்துப் பக்கத்து அறை; ஊருக்குத் திரும்பி வந்த பிறகு கடலோரக் கீரியிலும் பக்கத்துப் பக்கத்து வீடு.

கீரியில் புதிதாக எழும்பியிருந்த தொலைபேசி டவருக்குக் கீழே அவர்கள் நின்றார்கள். இன்று கடைசிச் சோதனை. பாஸானால் டவர் வேலை நிச்சயம். உச்சியில் கட்டியிருக்கும் சிவப்புத் துணியை அவிழ்த்துக்கொண்டு பத்திரமாக இறங்க வேண்டும், அவ்வளவுதான். சொல்வதற்கு லேசு, ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.

பயிற்சி கொடுக்கும் இன்சாப் சேர் உப்புக்குளத்துக்காரர். ஏறுமுன் அவர் கேட்கும் கேள்விகளுக்குச் சரியான பதில் வராவிட்டால் ஏணியைத் தொடவும் விடமாட்டார்.

"ராத்திரி நல்லா நித்திரை கொண்டனியோ?"

"ஓம் சேர்."

"காய்ச்சல், தலைச்சுத்து?"

"இல்லை சேர்."

"வீட்டிலை ஏதும் பிரச்சினை? மனம் கலங்கினவன் மேலை போகக்கூடாது. இடுப்புக் கொக்கி மாட்ட மறந்திடுவான்."

"ஒரு பிரச்சினையும் இல்லை சேர்."

"சரி. மற்றக் கொக்கியை மாட்டாமல் ஒரு கொக்கியையும் கழட்டாதை. போனை ஆரிட்டையும் குடுத்திட்டு ஏறு."

போனைச் சுபாஸின் கையில் திணித்துவிட்டு ஜெனிஸ்ரன் ஏறத் தொடங்கினான். ஒரு கொக்கி, மறு கொக்கி. இடுப்புப் பட்டியை இழுத்துப் பார்த்துக்கொண்டான். சோழகக் காற்று அவன் சட்டையைப் பிய்த்து எறிவது போல அடித்தது. அவனோ நிற்காமல் ஏறினான்.

"பாருங்கோவன் சேர், சும்மா பறக்கிறான்!" என்று துள்ளினான் சுபாஸ்.

அப்போதுதான் கையிலிருந்த போன் அடித்தது. டவர் தலைக்கு மேல் நின்றாலும் இன்னும் வேலை செய்யத் தொடங்காததால் குரல் விட்டு விட்டுத்தான் கேட்டது. கேட்டவரை போதும், சுபாஸின் முகம் வெளிறிப் போனது.

"சேர், இவன்ரை தங்கச்சி மதுஷிகா. அப்பா பஸ்ரியன் ராத்திரி கடலுக்குப் போனவராம். இன்னும் கரைக்கு வரேல்லையாம். பேசாலைப் பக்கம் வள்ளங்கள் தேடிக்கொண்டு திரியுதாம். அண்ணாவோடை கதைக்கோணும் எண்டு அழுதவள், லைன் அறுந்திட்டுது."

"யா அல்லாஹ்!"

"கூப்பிட்டு இறக்குவம் சேர்!"

"வாயை மூடு! ஒருத்தரும் மேலை பாத்துச் சத்தம் போடக்கூடாது!"

"அவனைப் பெத்த தகப்பன் சேர்! உங்களுக்கு நெஞ்சிலை ஈரமே இல்லையோ?"

"ஈரம் இருக்கிறதாலைதான் சொல்லுறன். அந்த உயரத்திலை இந்தச் செய்தியைக் கேட்டானெண்டால் கை நடுங்கும், கொக்கி தவறும். ஒரு வீட்டிலை ரெண்டு சாவு விழோணுமோ?"

சுபாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே பார்த்தான்.

ஜெனிஸ்ரன் உச்சியைத் தொட்டுவிட்டான். சிவப்புத் துணி கைக்கெட்டும் தூரத்தில் படபடத்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. இரண்டு கொக்கியையும் இரும்பில் மாட்டிவிட்டு, கடல் பக்கம் திரும்பி அப்படியே நின்றான். நின்றான், நின்றுகொண்டே இருந்தான். தலை மட்டும் மெல்ல மெல்லத் திரும்பியது.

"போச்சு, பயத்திலை விறைச்சிட்டான்" என்று சேர் விசிலை ஊதினார். பதில் இல்லை. மறுபடியும் ஊதினார்.

திடீரென்று ஜெனிஸ்ரன் ஒரு கையை விட்டுக் கடலைக் காட்டி எதையோ கத்தினான். காற்று அதை எங்கேயோ கொண்டு போய்விட்டது. பிறகு துணியை அவிழ்க்காமலே இறங்கத் தொடங்கினான்.

"துணியை விட்டிட்டான். பெயில்தான்" என்று முணுமுணுத்தார் சேர். ஆனாலும் அவர் கண் அவன் கைகளை விட்டு அகலவில்லை. ஒரு கொக்கி, மறு கொக்கி. அவசரத்தில் அவன் கால்கள் துடித்தன. கொக்கி மட்டும் ஒரு படியிலும் தவறவில்லை.

கால் மணலில் பட்டதும் சேர் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தார். "துணி கிடக்கட்டும் தம்பி. முதலிலை இதிலை இரு. மனதைத் திடப்படுத்திக்கொண்டு நான் சொல்லுறதைக் கேள்..."

போன் மறுபடியும் அடித்தது. சுபாஸ் தயங்கி நிற்க, ஜெனிஸ்ரன் அதைப் பறித்தெடுத்தான்.

"மதுஷிகா! கண்டிட்டன்டி! பேசாலைப் பக்கம் இல்லை, வள்ளம் விடத்தல்தீவுப் பக்கம் இழுபட்டுப் போட்டுது! அப்பா உடுத்திருந்த சாரத்தைத் துடுப்பிலை கட்டி ஆட்டிக்கொண்டு நிக்கிறார். வள்ளங்களை அங்காலை திருப்பச் சொல்லு, ஓடு!"

சுபாஸ் சந்தோசத்தில் அவனைக் கட்டிப்பிடித்துக் கத்தினான். "அல்ஹம்துலில்லாஹ்!" என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டார் இன்சாப் சேர். அடுத்த கணம் விளங்கியதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அடேய், அப்ப உனக்கு ஏற முதலே தெரியும்! ஒரு பிரச்சினையும் இல்லை எண்டு என்ரை முகத்தைப் பாத்துப் பொய் சொன்னனி, என்ன?"

"ஓம் சேர், விடியவே தெரியும்" என்றான் ஜெனிஸ்ரன், மூச்சு வாங்க. "கீரியிலை கடலைப் பாக்க இதைவிட உயரம் வேறை எங்கை இருக்கு? அவ்வளவு தூரத்திலை அப்பான்ரை வள்ளத்தை என்னைவிட ஆர் அடையாளம் காணுவினம்? உண்மையைச் சொல்லியிருந்தால், என்னை ஏற விட்டிருப்பீங்களோ?"