சென்ட் பாட்டிலின் உத்தியோகம்

தணிகைவேலின் காரில் ஒரே நாற்றம். எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்க்க மனிதருக்குப் பொறுமை இல்லை. கடைக்குப் போய் ஒரு சென்ட் பாட்டிலை வாங்கி வந்து டேஷ்போர்டில் உட்கார வைத்துவிட்டார். பாட்டிலுக்குத் தலைகால் புரியவில்லை. முன்கண்ணாடி வழியே ஊரையே பார்க்கிற இடமல்லவா!

பழியெல்லாம் கீழே கிடந்த மிதியடிக்குத்தான். வாரா வாரம் அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்து மொட்டை மாடியில் காயப்போட்டார்.

"அக்கா, நாற்றம் என்னோடது இல்லை. ஆயுத பூஜைக்கு வெச்ச எலுமிச்சம்பழம் உருண்டு வந்து சீட்டுக்கு அடியில அழுகிக் கிடக்கு. அவர் கண்ணுல படுற மாதிரி தள்ளி விடட்டுமா?" என்றது மிதியடி.

"வாயை மூடுடி! அது போயிட்டா எனக்கு இங்கே என்ன வேலை?" என்று சீறியது பாட்டில்.

மிதியடியும் எத்தனை நாள்தான் பொறுக்கும்? ஒருநாள் கார் வாசலில் குலுங்கி நின்றதும் ஓரத்தைத் தூக்கி ஒரு தள்ளு தள்ளியது. பூஞ்சை பிடித்த பழம் தணிகைவேலின் செருப்பில் வந்து முட்டியது.

"அட, நீதானா!" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைத் தூக்கி எறிந்தார்.

மறுநாள் காரில் ஏறியவர் முகம் சுளித்தார். "இப்ப இந்த சென்ட்டுதான் தலைவலி."

பாட்டில் போய்ச் சேர்ந்த இடம் கக்கூஸ் ஜன்னல். முதலில் அழுகை அழுகையாக வந்தது. வீட்டில் எட்டுப் பேர். ஒருவர் பின் ஒருவராக வந்து போனார்கள். சாயங்காலத்துக்குள் பாட்டிலின் முகம் தெளிந்துவிட்டது.

"அடடா, இதுவல்லவா நிரந்தர உத்தியோகம்!"