ஒரு பைட் தொலைந்ததில்லை

"எங்கேம்மா என் ஃபைல் எல்லாம்?" தலைமைப் பொறியாளர் போட்ட சத்தத்தில் அறையே அதிர்ந்தது. கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலை எழுதியவர் என்பதால் ஆபீசில் அவருக்குக் 'கெர்னல் கடவுள்' என்று பட்டப்பெயர், வைத்துக்கொண்டதும் அவரேதான்.

"நான் எதையும் அழிக்கலை சார்," என்றாள், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆன பொறியாளர். "கெர்னல் டிஸ்க்கோட பேசற கோடிங் நூல்கண்டு மாதிரி சிக்கிக் கிடக்கு, பிரிச்சுப் போடுன்னு நீங்கதான் சொன்னீங்க. நடுவுல இருந்த குப்பையை எடுத்துட்டு, டிஸ்க்கையே நேரா கேக்கற மாதிரி மாத்தினேன்."

"குப்பையா? நான் எழுதினதும்மா அது! இத்தனை வருஷத்துல இந்த மெஷின்ல ஒரு பைட் தொலைஞ்சதில்லை. ஃபைல் திரும்பி வரலைன்னா நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம்."

"டிஸ்க்கே இல்லைன்னு பதில் வருது சார்."

"உளறாதே. மெஷினைக் கழட்டு, பாத்துடுவோம்."

அவள் மூடியைக் கழற்றினாள். டிஸ்க் மாட்டும் இடம் காலியாக இருந்தது. தொழிற்சாலையில் ஒட்டிய பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. அங்கே எந்தக் காலத்திலும் யாரும் எதையும் மாட்டியதில்லை.

கடவுளுக்கு வியர்த்தது. "அப்ப இவ்வளவு நாளா எல்லாம் எங்கேம்மா இருந்துச்சு?"

அவள் காலி இடத்து உறையை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"பழைய கோடிங்கையே போட்டுடு," என்றார் ஈனசுரத்தில்.

போட்டாள். திரையில் ஃபைல்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

"பாத்தியா? நான் எழுதினா எழுதினதுதான்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

அந்த நிமிடம், உறை கிழியாத காலி இடத்திலிருந்து டிஸ்க் சுழலும் சத்தம் கேட்கத் தொடங்கியது.