உப்புத்தாள் தேய்த்த ஜன்னல்

"எதிர் வாட்டர் வாஷ் கடை யுவன் உன் தறியவே பார்த்துக்கினு இருக்கான். அந்த பிளாஸ்டிக் ஜன்னலை இன்னிக்கே மறைக்கணும்!" என்று குதித்தார் சம்பந்தம்.

"நானே மறைக்கிறேம்பா" என்றாள் மகள் கீர்த்தி.

ஜன்னல் தகட்டைக் கழற்றினாள். தண்ணீர் ஊற்றி, உப்புத்தாளால் சின்னச் சின்ன வட்டமாக, புடவையில் புட்டாப் பூ நெய்யும் அதே பொறுமையோடு தேய்த்தாள்.

"என்னமா, இன்னும் கண்ணாடி மாதிரி இருக்குதே?"

"ஈரம்பா. காஞ்சதும் பாரு."

காய்ந்ததும் தகடு முழுக்க ஒரே சீரான பால்வெள்ளை. சம்பந்தத்துக்குப் பெருமை தாங்கவில்லை. தேய்த்த பக்கம் வெளியே இருக்கும்படி அவளே மாட்டியும் விட்டாள்.

மறுநாள் பின்கட்டில் பாவு நூல் பிணைத்துக்கொண்டிருந்த சம்பந்தம், "யாருமா தண்ணி அடிக்கிறது?" என்று குரல் கொடுத்தார்.

"யுவன்பா. புழுதியா இருக்குதுன்னு நம்ம ஜன்னலையும் கழுவுறான்."

"அடடா! இவ்ளோ நல்ல பையனைப் போயி சந்தேகப்பட்டேனே!"

நனைந்த தகடு மறுபடி கண்ணாடியாகியிருந்தது. அதற்கு அப்பால் யுவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். ஓரம் காய்ந்து லேசாக வெளுக்கத் தொடங்கியதும், 'இன்னொரு தடவை அடி' என்று அவசரமாகச் சைகை காட்டினாள் கீர்த்தி.