நானூற்று ஐம்பத்திரண்டு படிகள்

“லிஃப்ட் வேண்டாம் பிள்ளை. படியாலேயே ஏறுவம்,” என்றார் இராஜேஸ்வரி.

வேணுஜா கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரத்து மிகாயேல் தேவாலயக் கோபுரத்துக்கு நானூற்று ஐம்பத்திரண்டு படிகள். ஊர் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு திரிவதுதான் அவள் வேலை. ஆனாலும் கோபுரத்துக்கு மட்டும் எப்போதும் லிஃப்ட்தான்.

“லிஃப்டுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் அன்ரி. களைச்சுப் போவீங்கள்.”

“நாங்கள் ஆறுதலா வருவம். நீங்கள் முன்னால ஏறுங்கோ. பார்த்துக்கொண்டு வாறம்.”

பார்க்கத்தானே வந்திருக்கிறீர்கள் என்று வேணுஜா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். காலையிலிருந்தே அவளுக்குச் சந்தேகம்.

கெல்சென்கிர்ச்சன் நகரத்திலிருந்து ஊர் சுற்றிப் பார்க்க வரும் கணவன் மனைவி என்றுதான் பதிவு செய்திருந்தார்கள். ஆனால் இராஜேஸ்வரியும் சரி, அவர் கணவர் சிவகுருநாதனும் சரி, துறைமுகத்தில் ஒரு கப்பலைக்கூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை. “சுற்றுலாப் படகுக்குக் காசைக் கொட்டாதேங்கோ அங்கிள், இந்த நாள் டிக்கெட்டிலயே அறுபத்திரண்டாம் இலக்கப் படகில போகலாம்” என்று இவள் சொன்னால், “உங்களுக்கு இரவில நல்ல நித்திரை வருமோ?” என்று அவர் கேட்டார். மீன் வைத்த பாண் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று காட்டினால், “நீங்கள் ஏன் சாப்பிடேல்லை?” என்றார் இராஜேஸ்வரி. தங்குவதற்கு ரயில் நிலையப் பக்கம் வேண்டாம், ஒரே இரைச்சல், அல்டோனாவில் அறை எடுங்கோ என்றால், “நீங்கள் இருக்கிற வீடு எப்பிடி? சுவரில ஈரம் கீரம் இல்லைத்தானே?”

பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள்தான். ஈரம் மட்டும் கொஞ்சம் புதிது.

போன வருடமும் இப்படித்தான், லண்டனிலிருந்து சுற்றுலா வந்த ஒரு குடும்பம் மீன்சந்தையை விட்டுவிட்டு இவளையே பார்த்துப் போனது. அடுத்த கிழமை பேச்சுக்கும் வந்தது. நாள் குறிக்கிற நேரத்தில் இவளுடைய ஒப்பரேஷன் விஷயம் எப்படியோ காதுக்கு எட்ட, அதற்குப் பிறகு கிணற்றில் போட்ட கல். அது மூன்றாவது சம்பந்தம். அம்மா ஒரு கிழமை அழுதாள்.

இந்த இருவரையும் வேணுஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. படகில் காற்று அடித்தபோது இராஜேஸ்வரி தன் சால்வையைக் கழற்றி இவள் கழுத்தில் சுற்றிவிட்டார். முப்பத்தொரு வயதுக்காரிக்கு ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போக ஆசை இருக்கக்கூடாதா என்ன? இந்தச் சம்பந்தமும் தட்டிப்போகக் கூடாது. அதற்கு இந்தப் படிகளை மூச்சிரைக்காமல் ஏறியாகவேண்டும்.

நூறு படி வரை சமாளித்தாள். இருநூறில் கால் கனத்தது. பின்னால் இருவரும் வந்துகொண்டிருந்தார்கள். திரும்பினால், நான்கு கண்களும் இவள் முதுகின் மேல்தான்.

“மூச்சு வாங்குதோ பிள்ளை?” என்றார் சிவகுருநாதன்.

“இல்லை அங்கிள்.”

“ஏலாட்டி இறங்குவம். ஏறித்தான் ஆகோணும் எண்டில்லை.”

“ஏலும்,” என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது அது.

முந்நூற்றைம்பதில் நின்று, சுவரைக் காட்டி, கோபுரம் எரிந்து திரும்பக் கட்டிய கதையை நீட்டி முழக்கினாள். கதை முடிவதற்குள் மூச்சு ஒருவாறு வசப்பட்டது. மிச்சப் படிகளை எண்ணவே இல்லை. கதவு திறந்து மேல்தளத்தில் காற்று முகத்தில் அடித்தபோதுதான் ஏறி முடித்துவிட்டோம் என்று தெரிந்தது.

ஜெயித்தாயிற்று. இனி வாயை மூடிக்கொண்டு கப்பல்களைக் காட்டிவிட்டு இறங்கவேண்டியதுதான். ஆனால் மூச்சிரைக்க ஏறிவந்த அந்த இரண்டு முகங்களையும் பார்த்தபோது அவளுக்கு மனம் கேட்கவில்லை.

“அன்ரி, நீங்கள் ஏன் வந்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும்.”

இராஜேஸ்வரி கம்பியைப் பிடித்துக்கொண்டார். “தெரியுமோ? ஆர் சொன்னது?”

“ஆரும் சொல்லேல்லை. நீங்கள் கேட்ட கேள்வியளிலயே விளங்கிச்சுது. உங்கட மகனுக்கு என்னைப் பார்க்க வந்திருக்கிறீங்கள். பேச்சு வளர முதல் ஒண்டு சொல்லோணும். மூண்டு வருசத்துக்கு முதல் எனக்குச் சுவாசப்பை ரெண்டையும் மாத்தினது. ஆரோ செத்துப்போன ஆளின்ர. உயிர் இருக்கும் மட்டும் குளிசை போடோணும். பிறகு தெரிஞ்சுகொண்டு எங்கட அம்மாவை நோகப் பண்ணாதேங்கோ.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தப் பார்வை வேணுஜாவுக்குப் பழக்கம்தான். சரி, இதுவும் போயிற்று என்று அவள் கழுத்துச் சால்வையைக் கழற்றினாள்.

இராஜேஸ்வரி அதை வாங்கவில்லை. கைப்பையைத் திறந்து, மடிப்பெல்லாம் நைந்துபோன ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

ஜெர்மன் மொழியில் எழுதிய கடிதம். எழுதியவர் பெயரில்லை, ஊரில்லை. ‘நான் ஒரு வழிகாட்டி. மறுபடி வேலைக்குப் போகப்போகிறேன். ஒருநாள் எங்கள் நகரத்துக் கோபுரத்தை லிஃப்ட் இல்லாமல் ஏறுவேன். அன்று நீங்கள் இழந்தவரை நினைத்துக்கொள்வேன்.’ தனக்குச் சுவாசப்பை தந்த, யாரென்றே தெரியாத குடும்பத்துக்கு, மருத்துவமனை வழியாக, வேணுஜா தன் கைப்பட எழுதி அனுப்பியது.

“இதை வைச்சுக்கொண்டு அஞ்சு நகரத்தில எட்டு வழிகாட்டியளோட கோபுரம் ஏறிட்டம் பிள்ளை,” என்றார் சிவகுருநாதன். “மகனுக்குப் பொம்பிளை பார்க்க வரேல்லை. மகனைப் பார்க்கத்தான் வந்தனாங்கள்.”