காதுக்குள் என் குரல்

எங்கள் வியாசர்பாடி கால்பந்து அணி தொடர்ந்து ஒன்பது ஆட்டம் தோற்ற பிறகு, புது முதலாளிகள் கோச்சான என்னிடம் என் குரலைக் கேட்டார்கள். கொடுத்தால் அணியைக் கலைக்க மாட்டோம் என்றார்கள். மூன்று நாள் ஒரு கண்ணாடி அறையில் மைக் முன்னால் உட்கார்ந்து கத்தினேன், திட்டினேன், கெஞ்சினேன். பசங்களை நான் "கண்ணு" என்று கூப்பிடுவதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை மட்டும் நாற்பது முறை சொல்ல வைத்தார்கள்.

நான்காம் நாள் என்னை அனுப்பிவிட்டார்கள். "சார் இனி வீட்டிலிருந்தே பேசுவார்" என்று சொல்லி, பசங்களுக்குக் காதில் மாட்டும் கருவி கொடுத்தார்களாம். அதில் என் குரலில் பேசியது ஒரு கம்ப்யூட்டர்.

அதன்பிறகு ஜெயித்தோம். டிவி முன்னால் உட்கார்ந்து நானும் கைதட்டினேன்.

நேற்றைய ஆட்டத்தில் எபினேசர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அந்த முழங்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத்தான் நான் அவனை மைதானத்தில் இறக்குவேன். காதில் எதையோ கேட்டுவிட்டு எழுந்து ஓடினான். மறுபடி உட்கார்ந்தான், மறுபடி ஓடினான். மூன்றாவது முறை எழவில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வலிக்குதுன்னு சொன்னானாமே சார். இன்னும் பத்து நிமிஷம்னு நீங்கதானே சொன்னீங்க."

சொன்னது நான் இல்லை. ஆனால் குரலைக் கொடுத்தவன் நான்தானே. கட்டிலருகே குனிந்து, "கண்ணு" என்றேன்.

எபினேசர் கண்ணைத் திறக்கவில்லை.

"இதுக்கு மேல ஓட முடியாது சார்" என்றான்.