வெட்டிய பதினோரு செகண்டு

“இது நாலாவது ஃபோன்மா. வெட்டினது வெட்டினதுதான்.”

பழைய படங்களைச் சரிசெய்து டிவிக்கு அனுப்பும் அறை அது. எடிட்டர் ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார். மேசையில் டீ ஆறி, ஆடை படிந்து கிடந்தது.

“பதினோரு செகண்டுதானே சார். எங்கப்பா மூட்டையோட வழுக்கி விழுவாரு, சுத்தி நிக்கிறவங்க சிரிப்பாங்க. அவ்வளவுதான். அவரு போய்ச் சேர்ந்து இருபது வருசமாச்சு. வீட்ல ஒரு போட்டோ கிடையாது. ஞாயித்துக்கிழமை படம் முடியற வரைக்கும் அம்மா டிவியை விட்டு எழுந்திருக்கலை. அப்புறம், ‘எங்கடி உங்கப்பனைக் காணோம்’னு என்கிட்ட கேக்குது.”

“அதுக்கு நான் என்னம்மா பண்றது? மூஞ்சி பூரா கரியை அப்பிக்கிட்டு, கறுப்பா இருக்கிறவங்களைக் கேலி பண்ற காட்சியெல்லாம் இனிமே போடக் கூடாது. மேலிடத்து உத்தரவு. ஷூட்டிங் குறிப்புலயே தெளிவா இருக்கு, ‘மூட்டைக்காரன், முகத்துக்குக் கரி’ன்னு.”

“அந்த வேஷக்காரர் அன்னைக்கு வரலைங்க. எங்கப்பா அங்க லைட்டு தூக்குற கூலி. கையைப் பிடிச்சு இழுத்து நிக்க வச்சுட்டாங்க.”

“யாரை நிக்க வச்சா என்ன? கரி கரிதானே? அப்படிப் பொறந்தவங்க இதைப் பாத்தா வயிறு எரியாதா? அவங்க இடத்துல உங்களை வச்சு ஒரு நாளாவது யோசிச்சிருக்கீங்களா?”

“கீழ வாசல்லதான் சார் நிக்கிறேன். ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டிடுங்க. போயிடறேன்.”

எடிட்டர் தலையில் அடித்துக்கொண்டார். “மேல வாங்க. பாத்தா உங்களுக்கே அசிங்கமா இருக்கும்.”

வெட்டிய துண்டைத் தேடியெடுத்து, விழுந்தவன் நிமிர்ந்து பார்க்கும் இடத்தில் நிறுத்தினார். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவர் திரும்பவில்லை.

“நல்லாப் பாருங்கம்மா. காது மடல் வரைக்கும் எப்படி அப்பியிருக்காங்க பாருங்க. இதைப் போய்த் திரும்பச் சேக்கச் சொல்றீங்களே.”

காய்த்துப்போன ஒரு கை அவர் தோளைத் தாண்டி நீண்டு, திரையில் இருந்த முகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இரண்டும் ஒரே கறுப்பு.

“தேச்சுப் பாருங்க சார், கரி ஒட்டுதான்னு.”