தமேசபுரோவின் அஞ்சலிப் படம்

ஜப்பானின் கபுகி நாடக நடிகர் தமேசபுரோ செத்துவிட்டார் என்று யாரோ புரளி கிளப்ப, அதை நம்பிய படக்கடைக்காரர் ஒருவர் அவருடைய அஞ்சலிப் படத்தை மரக்கட்டையில் செதுக்கி, அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தார். வெளிர்நீலச் சாவு அங்கி. அதற்கு மேலே, ஊரறிந்த அந்த முறைப்பு. சண்டைக்கு வந்த தமேசபுரோவை, ஒப்பனை இல்லாததால், கடைவாசலில் அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

"நான்தாம்மா அது, பாருங்க!" என்று கத்தி, ஒரு கருவிழியை மூக்கருகே இழுத்து, மேடையில் போலவே முறைத்தார்.

ஒருத்தி படத்தை அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். "நல்லாத்தான் செய்யுறீங்க. ஆனா அவர் கண்ணுல உசிரு இருக்கும்."

தமேசபுரோ படத்தைப் பார்த்தார். மை காயாத கண்கள் அவரையே முறைத்தன. அவரும் விடாமல் முறைத்தார்.

முதலில் இமைத்தது தமேசபுரோதான்.